ஏறத்தாழ இரண்டு

என் முனைவர் பட்ட ஆய்வின் பெரும்பகுதி ஒரே ஓர் எண்ணை அளப்பதிலேயே கழிந்தது. ஒரு மீகடத்திப் படிகத்தை, அதாவது போதிய அளவு குளிர்ந்ததும் மின்தடை அறவே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளை, குளிர்வித்துக்கொண்டே போகும்போது காந்தப்புலம் அதனுள் எவ்வளவு ஆழம் நுழைகிறது, அந்த ஆழம் வெப்பநிலையின் எத்தனையாவது அடுக்காக (இரண்டு என்றால் வர்க்கமாக) மாறுகிறது என்று கண்டறிவதே வேலை. அடுக்கு ஒன்று என்றால் ஒரு கதை, நான்கு என்றால் வேறொரு கதை. எனக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் இரண்டு, அல்லது இரண்டுக்குச் சற்று மேல். இரும்பு மீகடத்திகளைப் பொறுத்தவரை இருப்பதிலேயே சங்கடமான விடை அதுதான். ஏன் சங்கடம் என்பதையும், அதிலிருந்து வெளியேற வேண்டுமென்றே படிகங்களைக் கெடுக்க வேண்டியிருந்தது ஏன் என்பதையும் ஒருமுறையாவது தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இரும்பில் மீகடத்தல் என்றதும் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு வரும் வியப்பு, துறைக்குள் இருந்தவர்களுக்கும் வந்தது. மீகடத்தியில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கூப்பர் இணைகளாகின்றன. வழக்கமான இணையில் ஒன்றின் தற்சுழற்சி மேல்நோக்கியும் மற்றதன் தற்சுழற்சி கீழ்நோக்கியும் இருக்கும். இரும்பின் காந்தத்தன்மையோ இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஆகையால் மீகடத்தி தேடுபவர் இரும்பை அண்டக் கூடாது என்பது பல பத்தாண்டுகளாக எழுதப்படாத சட்டமாக இருந்தது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிதேயோ ஹோசோனோவின் குழு 2006இல் லாந்தனம், இரும்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த ஒரு சேர்மத்தில் சில கெல்வின் வெப்பநிலையில் மீகடத்தலைக் கண்டபோது பெரிய பரபரப்பு எதுவும் எழவில்லை. பாஸ்பரஸின் இடத்தில் ஆர்சனிக்கை வைத்து, ஆக்சிஜனில் ஒரு பங்கை ஃப்ளூரினால் மாற்றி, 26 கெல்வின் என்று அதே குழு 2008இன் தொடக்கத்தில் அறிவித்த பிறகு நிலைமை தலைகீழானது. அந்த ஆண்டு முடிவதற்குள் லாந்தனத்துக்குப் பதிலாகச் சமேரியத்தை வைத்துச் சீன ஆய்வாளர்கள் 55 கெல்வினைத் தொட்டார்கள். மியூனிக்கில் பேரியம் இரும்பு ஆர்சனைடில் பொட்டாசியம் கலந்து 38 கெல்வின் கிடைத்தது. தைவானில் ஆர்சனிக்கே இல்லாத இரும்பு செலினைடு 8 கெல்வினில் மீகடத்தியானது. நம் கல்பாக்கத்திலும் இதே பேரியச் சேர்மத்தில் இரும்பின் ஒரு பங்கை ருத்தேனியத்தால் மாற்றி மீகடத்தலைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரை 2010இல் வெளிவந்தது.

கூப்பர் இணையைப் பிரித்து எலெக்ட்ரானைத் தனியே வெளியே எடுக்க ஆற்றல் செலவாகும். எலெக்ட்ரான் ஒன்றுக்கு ஆகும் அந்தக் குறைந்தபட்சச் செலவைத்தான் ஆற்றல் இடைவெளி என்கிறோம். பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் 1957இல் தந்த கோட்பாட்டின்படி, சுழிய வெப்பநிலையில், அதாவது சுழியக் கெல்வினில், இந்த இடைவெளி, மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலையைப் போல்ட்ஸ்மான் மாறிலியால் பெருக்கி வரும் ஆற்றலைப் போல் 1.76 மடங்கு இருக்கும். ஈயம், அலுமினியம் போன்ற பழைய மீகடத்திகளில் எலெக்ட்ரான் எந்தத் திசையில் ஓடினாலும் இடைவெளி ஏறத்தாழ ஒரே அளவுதான். இதை ஒரு வயல் வரப்பாக நினைத்துப் பார்ப்பது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. சுற்றிலும் வரப்பு ஒரே உயரத்தில் இருந்தால், தண்ணீர் அந்த மட்டத்தை நெருங்கும்வரை ஒரு சொட்டும் வெளியே வழியாது. ஓரிடத்தில் மட்டும் வரப்பு தரையோடு தரையாக இருந்தால், எவ்வளவு குறைந்த நீரும் அந்த வழியே கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரின் மட்டம் வெப்பநிலை. கசிவு, இணையிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள். வரப்பு தரையைத் தொடும் இடத்துக்குக் கணு என்று பெயர். வரப்பைக் கண்ணால் பார்க்க முடியாதவர், தண்ணீர் ஏற ஏறக் கசிவு எப்படிக் கூடுகிறது என்பதை வைத்து அதன் வடிவத்தை ஊகிக்க வேண்டும். நான் செய்தது அதைத்தான்.

இரும்புச் சேர்மங்களில் ஒரு வயல் இல்லை, நான்கைந்து வயல்கள் இருக்கின்றன. மின்னோட்டத்தில் பங்கேற்கும் எலெக்ட்ரான்களின் உந்தங்களை வரைபடமாக்கினால் கிடைக்கும் ஃபெர்மி பரப்பு, செம்பு ஆக்சைடு மீகடத்திகளில் ஒரே பெரிய வளையமாக இருக்க, இரும்புச் சேர்மங்களில் பல சிறு உருளைகளாகச் சிதறிக் கிடக்கிறது. நடுவில் உள்ளவை துளைகளுக்கு, அதாவது நேர்மின் துகள்களைப் போல நடந்துகொள்ளும் எலெக்ட்ரான் காலியிடங்களுக்கு, உரியவை. மூலையில் உள்ளவை எலெக்ட்ரான்களுக்கு உரியவை. படிக அதிர்வுகள்தான் எலெக்ட்ரான்களைச் சேர்த்துவைக்கின்றன என்ற பழைய விளக்கம் இங்கே எடுபடவில்லை. 2008இல் போட்ட கணக்குகளே அந்தப் பிணைப்பு 26 கெல்வினை விளக்கக்கூடப் போதாத அளவுக்கு வலுக்குன்றியது என்று காட்டிவிட்டன. அதே ஆண்டில் இகோர் மாசினும் உடன் ஆய்வாளர்களும், தனியாக ஜப்பானில் குரோகியின் குழுவும், வேறொரு வழியை முன்வைத்தார்கள். காந்த ஏற்ற இறக்கங்கள் எலெக்ட்ரானை நடு உருளையிலிருந்து மூலை உருளைக்குச் சிதறடிக்கின்றன. அந்தச் சிதறல் விலக்கும் தன்மை கொண்டதாக இருந்தாலும், இரண்டு உருளைகளிலும் இடைவெளி எதிரெதிர்க் குறிகளைக் கொண்டிருக்குமானால் அதே விலக்கம் இணைசேர்க்கும் விசையாகிவிடும். இடைவெளிக்கு அளவு மட்டுமல்லாமல் குறியும் உண்டு என்பது இங்கேதான் முக்கியமாகிறது. நடுவில் கூட்டல், மூலையில் கழித்தல் என்ற இந்த அமைப்பை எஸ் கூட்டல்-கழித்தல் நிலை என்று அழைக்கிறோம்.

செம்பு ஆக்சைடுகளில் குறி மாறுவது ஒரே வளையத்தின் மேலேயே நடக்கிறது. கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போகும் வழியில் இடைவெளி சுழியத்தைத் தொட்டே ஆக வேண்டும். அங்கே நான்கு கணுக்கள் இருப்பதைப் படிகத்தின் சமச்சீரே கட்டாயமாக்குகிறது. டி அலை என்று சொல்வது அதைத்தான். இரும்புச் சேர்மங்களில் குறி மாறுவது உருளைக்கும் உருளைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில். எனவே எந்த உருளையிலும் கணு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருக்கக் கூடாது என்ற கட்டாயமும் இல்லை. ஓர் உருளையின் மேல் இடைவெளி மேடும் பள்ளமுமாக இருந்து, பள்ளம் ஆழமாகிச் சுழியத்துக்குக் கீழே போய்விட்டால் கணு தோன்றும். சமச்சீர் கேட்காமல் தற்செயலாக வந்து சேர்ந்த கணு அது. செம்பு ஆக்சைடுகளுக்கு ஒரே விடை போதுமானதாக இருந்தது. இரும்புக் குடும்பத்திலோ ஒவ்வொரு சேர்மத்துக்கும், ஒரே சேர்மத்தில் ஒவ்வொரு கலப்பு விகிதத்துக்கும் விடை மாறலாம்.

நேரே பார்த்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பார்த்தும் இருக்கிறார்கள். படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, வெளியேறும் எலெக்ட்ரான்களின் ஆற்றலையும் கோணத்தையும் அளக்கும் ஒளியுமிழ்வு முறையில், பெய்ஜிங்கின் டிங் ஹோங் குழு 2008இலேயே பொட்டாசியம் கலந்த பேரியச் சேர்மத்தில் இரண்டு இடைவெளிகளைக் கண்டது: உள் துளை உருளையிலும் எலெக்ட்ரான் உருளையிலும் ஏறத்தாழ 12 மில்லி எலெக்ட்ரான் வோல்ட், வெளித் துளை உருளையில் ஏறத்தாழ 6. அந்தச் சேர்மத்தின் மீகடத்தல் வெப்பநிலையான 38 கெல்வினுக்கு 1.76 என்ற பழைய விகிதத்தைப் போட்டால் 5.8 வருகிறது, ஆக, சிறிய இடைவெளி பழைய கோட்பாட்டின் எண்ணுக்கு அருகிலும், பெரியது அதைப் போல் இரண்டு மடங்காகவும் நிற்கிறது. முழுமையான இடைவெளி, கணு இல்லை. அருமையான அளவீடு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இந்த முறை மேற்பரப்பின் சில அணு அடுக்குகளை மட்டுமே பார்க்கிறது. இடைவெளியின் அளவைச் சொல்கிறது, குறியைச் சொல்வதில்லை. மீகடத்தல் வெப்பநிலை சில கெல்வின் மட்டுமே இருக்கும் சேர்மங்களில் அதன் பிரிதிறன் திணறுகிறது. படிகத்தின் உட்பகுதியை, அரைக் கெல்வினுக்கு அருகில் கேட்டறிய வேறு வழி வேண்டும்.

காந்த ஊடுருவல் ஆழம் அப்படி ஒரு வழி. மீகடத்தி காந்தப்புலத்தை முழுவதுமாக வெளியே தள்ளிவிடுவதில்லை. விளிம்பில் மெல்லிய தோல் அளவுக்கு உள்ளே விடுகிறது. இரும்புச் சேர்மங்களில் அந்தத் தோல் ஏறத்தாழ 200 நானோமீட்டர் தடிமன் கொண்டது. வெப்பநிலை உயர்ந்து சில இணைகள் பிரிந்ததும் தோல் சற்றுத் தடிக்கும். நான் அளக்க வேண்டியிருந்தது அந்தச் சற்றை. அதாவது ஒரு நானோமீட்டரிலும் குறைவான மாற்றங்களை.

கருவி அதிசயப்படும் அளவுக்கு எளிமையானது: ஒரு செம்புக் கம்பிச்சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு டன்னல் டையோடு. டன்னல் டையோடில் குறிப்பிட்ட ஒரு வரம்புக்குள் மின்னழுத்தம் கூடக்கூட மின்னோட்டம் குறையும். இந்த முறைகேடான குணம் சுற்றில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டிவிடுவதால், சுற்று தன் இயல்பான அதிர்வெண்ணில், எங்கள் கருவியில் ஏறத்தாழ 14 மெகாஹெர்ட்ஸில், தானாகவே அலைந்துகொண்டிருக்கும். நீலக்கல் தண்டு ஒன்றின் நுனியில் துளியூண்டு கிரீஸ் தடவி, அதில் படிகத்தை ஒட்டி, தண்டைச் சுருளின் சுவரில் படாமல் உள்ளே செலுத்த வேண்டும். படிகத்தின் தோல் தடித்தால் சுருளின் தூண்டம் மாறும், அதிர்வெண் நகரும். சுருளின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் படிகத்துக்குத் தன்னை யாரோ அளக்கிறார்கள் என்றே தெரியாது. ஒரு கோடியே நாற்பது லட்சம் ஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸின் பின்னத்தைப் பிரித்தறிய வேண்டும் என்பதால், சுற்றின் வெப்பநிலையைப் படிகத்தின் வெப்பநிலையிலிருந்து முற்றிலும் பிரித்து, அசையாமல் நிறுத்திவைப்பதுதான் இதில் உள்ள உண்மையான கைவேலை.

படிகங்கள் அரை மில்லிமீட்டர் அகலத்தில், கண்ணாடிபோல் பளபளக்கும் தகடுகள். சவர அலகால் வெட்டும்போது வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகப் பிரியும். விளிம்பு சிதைந்தால் அந்தப் பிளவுகளுக்குள் புலம் நுழைந்து, இல்லாத ஆழத்தைக் காட்டும். எனவே நுண்ணோக்கியின் கீழ் ஒரு நாள் முழுவதும் வெட்டி, ஐந்தாறில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். ஊருக்குப் பேசும்போது அப்பா ஒருமுறை, “இரும்புதானே, துருப்பிடிக்காதா?” என்று கேட்டார். சிரித்துவிட்டேன், பிறகு யோசித்தால் கேள்வி சரியானது. பேரியச் சேர்மத்தில் கோபால்ட்டு கலந்த படிகங்கள் மாதக்கணக்கில் மேசையில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். பொட்டாசியம் மிகுந்தவையோ காற்றின் ஈரம் பட்டால் கெட்டுப்போகும். லித்தியம் கலந்த சேர்மத்தை ஆர்கான் நிரம்பிய பெட்டிக்கு வெளியே எடுக்கவே பயப்படுவோம்.

முதல் ஆண்டில் ஒரு கோபால்ட்டுப் படிகத்தின் வரைகோட்டில் 3.7 கெல்வினில் சின்னஞ்சிறு படிக்கட்டு ஒன்று தெரிந்தது. மூன்று முறை குளிர்வித்தும் அதே இடத்தில் நின்றது. இரண்டாவது மீகடத்தல் நிலை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணி, இரண்டு நாள் தூக்கமில்லாமல், ஆய்வகத்தில் எனக்கு மூத்த மாணவரிடம் வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் எண்ணை மட்டும் பார்த்தார். “இதில் ஏற்கெனவே மின்தடை அளந்தீர்களா?” என்று கேட்டார். அளந்திருந்தோம், வெள்ளிக் கம்பிகளை வெள்ளீயத்தால் பற்றவைத்து அளந்துவிட்டு, கம்பிகளைப் பிய்த்துப் போட்டிருந்தோம். வெள்ளீயம் 3.7 கெல்வினில் மீகடத்தி. படிகத்தின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த, தூசியைவிடப் பெரிதில்லாத ஒரு பொட்டுதான் என் கண்டுபிடிப்பு.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். இடைவெளி எங்கும் முழுமையாக இருந்தால், குளிரக் குளிர ஆழம் மாறுவது அடுக்குக்குறி வேகத்தில் நின்றுபோகும்; வரைகோடு தரையோடு படுத்துவிடும். அளவீட்டில் அதை நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அடுக்கிலிருந்து பிரித்தறிய முடியாது. தூய படிகத்தில் கோடாக நீளும் கணுக்கள் இருந்தால் ஆழம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில், அதாவது ஒன்றாம் அடுக்கில் மாறும். செம்பு ஆக்சைடுகளில் டி அலைக்குக் கிடைத்த முதல் வலுவான சான்றுகளில் ஒன்று, 1993இல் கனடாவில் அளக்கப்பட்ட இந்த நேர்கோடுதான். சிக்கல் மாசு சேரும்போது தொடங்குகிறது. கணு உள்ள மீகடத்தியில் மாசு சேரச் சேர ஒன்று என்ற அடுக்கு இரண்டை நோக்கி உயரும். கணு இல்லாத கூட்டல்-கழித்தல் நிலையில் மாசு சேர்ந்தால், ஒரு குறி உள்ள உருளையிலிருந்து எதிர்க் குறி உள்ள உருளைக்கு எலெக்ட்ரான்கள் சிதறுவதால் இணைகள் உடைந்து, இடைவெளிக்குள்ளேயே நிலைகள் முளைத்து, நான்காக இருந்த அடுக்கு இரண்டை நோக்கி இறங்கும். ஒன்று கீழிருந்து ஏறிவருகிறது, மற்றது மேலிருந்து இறங்கிவருகிறது, இரண்டும் சந்திக்கும் இடம் இரண்டு. கோபால்ட்டு கலந்த படிகங்களில் கோபால்ட்டே இரும்பு அணுக்களின் தளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் மாசு. அவற்றில் இரண்டு, இரண்டே கால், இரண்டரை என்று அளந்துவிட்டு அதிலிருந்து கணுவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, பாதி வழியில் நிற்கும் ஒருவரைப் பார்த்து அவர் ஊருக்குப் போகிறாரா, ஊரிலிருந்து வருகிறாரா என்று சொல்வதைப் போன்றது. 2009, 2010 ஆண்டுகளின் கட்டுரைகளை இப்போது புரட்டினால், அந்தத் தீர்ப்புகள் எவ்வளவு உறுதியான குரலில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

அடுக்கு என்பதும் நாம் எடுத்துக்கொள்ளும் வெப்பநிலை வரம்பைப் பொறுத்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கமாக மீகடத்தல் வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்கு வரை பொருத்துவார்கள். அதற்குக் கீழே இடைவெளியின் அளவு மாறாது என்பது காரணம். ஆனால் இரண்டு இடைவெளிகள் உள்ள பொருளில் சிறியதுதான் கீழ் வெப்பநிலையை ஆள்கிறது. நான் ஒரே தரவை மூன்றில் ஒரு பங்கு வரை பொருத்தியபோது ஓர் எண்ணும், ஐந்தில் ஒரு பங்கு வரை பொருத்தியபோது வேறோர் எண்ணும் வந்தன. மேல் எல்லையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு எல்லைக்கும் அடுக்கு என்ன என்று வரைந்து காட்டுவதே நேர்மையான வழி. உண்மையான அடுக்கு விதி என்றால் அந்தக் கோடு நகராது. ஒற்றை எண்ணைத் தலைப்பில் போடும் கட்டுரைகளை அதன் பிறகு நான் சற்றுச் சந்தேகத்துடனேயே படிக்கிறேன்.

வெப்பங்கடத்துதிறன் இன்னொரு கண். கூப்பர் இணைகள் வெப்பத்தைச் சுமப்பதில்லை. எனவே சுழியத்தை நெருங்கும்போதும் எலெக்ட்ரான்களின் பங்கு மிஞ்சினால் எங்கோ கணு இருக்கிறது என்று பொருள். கோபால்ட்டு கலந்த சேர்மத்தில் இரும்பு அணுத் தளங்களின் வழியே அளந்தபோது எதுவும் மிஞ்சவில்லை. தளங்களுக்குச் செங்குத்தாக அளந்தபோது, மீகடத்தல் வெப்பநிலை உச்சத்தில் இருக்கும் கலப்பு விகிதத்திலிருந்து விலகிய இருபுறங்களிலும் மிஞ்சியது என்று லூயி தாய்ஃபேரின் குழு 2010இல் காட்டியது. குறியைப் பற்றியும் மறைமுகமான சான்றுகள் இருந்தன. 2008இல் நியூட்ரான் சிதறலில் 14 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மீகடத்தலோடு சேர்ந்து எழுந்த உச்சியும், 2010இல் இரும்பு செலினைடு டெல்லுரைடில் ஹனகுரியின் குழு காந்தப்புலத்தின் கீழ் ஊடுருவு நுண்ணோக்கியால் கண்ட சிதறல் கோலங்களும் உருளைகளுக்கு இடையே குறி மாறுவதையே சுட்டின. செம்பு ஆக்சைடுகளில் செய்ததுபோல் படிகத்தின் இரண்டு பக்கங்களை ஒரு வளையத்தில் இணைத்து வழக்கை ஒரே நாளில் முடிக்க இங்கே வழியில்லை. குறி மாறுவது திசைக்குத் திசை அல்ல, உருளைக்கு உருளை என்பதால் படிகத்தின் எல்லாப் பக்கங்களும் ஒன்றுபோலவே பதில் சொல்லும்.

மாசுதான் குழப்பத்துக்குக் காரணம் என்றால், மாசையே கருவியாக்கலாம் என்ற யோசனைக்கு வந்ததில் எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஒரே படிகத்தை அளந்து, அதில் அளவறிந்து குறைபாடுகளைப் புகுத்தி, மறுபடி அளந்து, அடுக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். வேதியியலால் மாசைச் சேர்த்தால் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மாறிவிடும். கன அயனிகளால் தாக்கினால் படிகத்துக்குள் சுரங்கப் பாதைகளே உண்டாகிவிடும். பாரிஸுக்கு அருகே பலேசோவில் உள்ள எக்கோல் பாலிடெக்னிக்கில் 2.5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் எலெக்ட்ரான்களைத் தரும் முடுக்கி ஒன்று இருக்கிறது. அந்த ஆற்றலில் எலெக்ட்ரான் ஓர் அணுவை அதன் இடத்திலிருந்து தட்டி நகர்த்தும்; காலியிடம் ஒன்றும், இடம் தவறிய அணு ஒன்றும் மிஞ்சும், அவ்வளவுதான். தட்டப்பட்ட அணு உடனே தன் இடத்துக்குத் திரும்பிவிடாமலும் குறைபாடுகள் ஒன்றுசேர்ந்து திரளாமலும் இருக்க, படிகத்தைத் திரவ ஹைட்ரஜனில், ஏறத்தாழ 20 கெல்வினில் வைத்துத்தான் தாக்குவார்கள்.

பாஸ்பரஸ் கலந்த பேரியச் சேர்மத்தில் இந்தச் சோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த வரைபடம் அதுதான். இங்கே ஆர்சனிக்குக்குப் பதிலாகச் சேரும் பாஸ்பரஸ் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையை மாற்றுவதில்லை. படிகங்கள் மிகத் தூய்மையானவை. 30 கெல்வினுக்கு அருகில் மீகடத்தியாகும் இந்தப் பொருளில் ஆழம் நேர்கோடாக மாறுவதை, அதாவது கணு இருப்பதை, கியோட்டோ குழு முன்பே கண்டிருந்தது. கேள்வி, இந்தக் கணு டி அலையில் உள்ளதைப் போலக் கட்டாயக் கணுவா, தற்செயலாக வந்ததா என்பதே. குறைபாடுகள் எலெக்ட்ரானை ஃபெர்மி பரப்பின் எல்லாப் பக்கங்களுக்கும் சிதறடிப்பதால் இடைவெளி சராசரியாக்கப்படுகிறது. வரப்பின் மேட்டு மண் சரிந்து பள்ளத்தை நிரப்புவதுபோல. டி அலையில் கூட்டலும் கழித்தலும் சரிபாதி என்பதால் சராசரி சுழியமாகும், கணு ஒருபோதும் மறையாது, அடுக்கு இரண்டைத் தாண்டாது. தற்செயலான கணு என்றால் சராசரி சுழியமாகாது. மண் சரிந்து பள்ளம் மூடிக்கொள்ளும். படிகத்தைத் தாக்கிய எலெக்ட்ரான்களின் அளவு கூடக் கூட நேர்கோடு வளைந்தது, அடுக்கு இரண்டைத் தாண்டி மேலே போனது, வரைகோடு தரையில் படுத்தது. கணு மூடிக்கொண்டது. படிகத்தைக் கெடுத்ததால் இடைவெளி முழுமையானது! மேலும் தாக்கியபோது அடுக்கு மறுபடி இரண்டை நோக்கி இறங்கியது. எல்லா உருளைகளிலும் குறி ஒன்றாக இருந்திருந்தால் இந்த இறக்கத்துக்குக் காரணமே இல்லை. ஒன்றிலிருந்து ஏறி, இரண்டைக் கடந்து, பிறகு இரண்டுக்கே திரும்பிய அந்தப் பயணம், ஒற்றை அளவீட்டில் ஊமையாக நிற்கும் எண்ணைப் பேசவைத்துவிட்டது.

பேரியத்தின் இடத்தைப் பொட்டாசியம் படிப்படியாகப் பிடிக்கும் தொடரில், அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தின் ரஸ்லான் புரோசரோவும் பலேசோவின் மார்சின் கொன்சிகோவ்ஸ்கியும் உள்ளிட்டோர் கலப்பின் முழு வரம்பையும் இதே முறையில் அலசி 2016இல் வெளியிட்டார்கள். பொட்டாசியம் நாற்பது விழுக்காட்டை ஒட்டிய உச்சத்தில் அடுக்கு மிக உயர்வு, குறைபாடுகளால் மீகடத்தல் வெப்பநிலை இறங்கும் வேகம் மிகக் குறைவு. அங்கிருந்து விலகும்போது மேடுபள்ளம் கூடுகிறது. எண்பது விழுக்காட்டின் அருகே திடீரென்று கணுக்களின் அடையாளம் தெரிகிறது. தொடரின் கடைசி உறுப்பான, பேரியமே இல்லாத பொட்டாசியம் இரும்பு ஆர்சனைடு இன்னும் வீம்புக்காரப் பொருள். அதில் மூலையில் இருந்த எலெக்ட்ரான் உருளைகள் மறைந்துவிடுவதால், கூட்டல்-கழித்தல் கதையை முதலில் எழுதிய வடிவத்தில் சொல்லவே முடியாது. 2012இல் வெப்பங்கடத்துதிறனை அளந்த ஒரு குழு அதை டி அலை என்றது. அதே ஆண்டு லேசர் ஒளியுமிழ்வில் அளந்த டோக்கியோ குழு ஒரே ஒரு துளை உருளையில் எட்டுக் கணுக்களைக் கண்டு, அது டி அலை அல்ல என்றது. 2016இன் பகுப்பாய்வு டி அலைக்கு எதிராகவே நிற்கிறது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தப் படிகத்தில் மீகடத்தல் 4 கெல்வினுக்கும் கீழேதான் தொடங்குகிறது. அடுக்கைப் பொருத்த ஒரு கெல்வினுக்குச் சற்று மேற்பட்ட வரம்புதான் கிடைக்கிறது என்பதை அளந்தவன் என்ற முறையில் மறக்க முடியவில்லை.

எங்கள் படிகங்களில் இரண்டு பலேசோவுக்குப் போய் வந்தன. போவதற்கு முன் அடுக்கு மூன்றுக்கு மேல் இருந்த ஒன்று, திரும்பி வந்தபோது மீகடத்தல் வெப்பநிலையில் ஒரு கெல்வினுக்கு மேல் இழந்து, அடுக்கில் இரண்டரைக்கு இறங்கியிருந்தது. குறைபாடுகளில் கணிசமான பங்கு அறை வெப்பநிலையில் தாமாகவே ஆறிவிடும் என்பதால், தபாலில் வந்த நாளையும் அளந்த நாளையும் நோட்டில் தனித்தனியே குறித்துவைக்கப் பழகியிருந்தோம். மற்றொன்றை வெட்டும்போது அது ஏடாகப் பிரிந்து மேசை விளிம்பிலிருந்து தரையில் விழுந்தது. ஒட்டும் நாடாவால் தரையை ஒற்றி ஒற்றித் தேடியதில் மாலைக்குள் ஒரு துண்டு கிடைத்தது. அது எங்கள் படிகம்தானா, அதற்கு முன் யாரோ தவறவிட்டதா என்பதை 20 கெல்வினுக்கு மேல் தெரிந்த மீகடத்தல் படியை வைத்துத்தான் உறுதி செய்துகொண்டோம்.